ஆடி மாதத்தில் நூற்றுப்பன்னிரண்டு கல்யாணம்

ஜூன் 30, திங்கள்

இன்று காலை ஒன்பது நாற்பதுக்கு உலக மென்பொருள் துறையில் ஒரு திருப்புமுனை ஏற்பட்டது. நான் வேலைக்குச் சேர்ந்தேன்.

இடம்: கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு பொறியியல் கல்லூரியின் புதுத்தொழில் மையம், மூன்றாம் மாடி, கழிப்பறைக்கு அடுத்த அறை. முதலாளி என் அக்கா மகள் தாரணி. பெங்களூரில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு இந்த அறைக்கு வந்தவள். புரோகிராம் எழுதுகிறவன் ரபீக். அவன் தட்டுகிற வேகத்தில் கீபோர்டிலிருந்து புகை வருவதை நானே பார்த்தேன். திரையை அழகுபடுத்துவதும், எத்தனை பேர் வந்தார்கள் என்று புள்ளிவிவரம் எடுப்பதும் ஜெனிட்டா. நான்காவது ஆள் நாச்சிமுத்து ஆகிய நான். வயது அறுபத்தொன்று. அரசுப் பேருந்தில் இருபத்தொன்பது வருடம் செக்கிங் இன்ஸ்பெக்டர். நான் ஏறினால் டிக்கெட் எடுத்தவனும் பயத்தில் இன்னொன்று எடுப்பான்.

இவர்கள் செய்கிற செயலியின் பெயர் 'பந்தி'. கல்யாணச் சமையல் மாஸ்டர்களுக்கானது. "முந்நூறு பேர், காலை டிபன், மதியம் சாப்பாடு" என்று போனிடம் வாயால் சொன்னால் போதும். என்னென்ன பண்டம், எவ்வளவு சாமான் என்று அதுவே பட்டியல் போட்டு, சத்தமாகப் படித்தும் காட்டும்.

என் உத்தியோகம் டெஸ்டர். தினமும் புதுப் பெயரில், புது ஊர்க்காரனாக உள்ளே நுழைந்து ஒரு விருந்து போட்டு, எங்கே உடைகிறதென்று சொல்ல வேண்டும். பெயர் கேட்கிற பக்கத்தின் அடியில் 'இது சோதனை' என்று ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் அடித்தால் நான் கணக்கில் சேரமாட்டேன்.

"மறக்காம டிக் அடிச்சுருங்க மாமா."

"நான் எதையாச்சும் மறந்திருக்கறனா கண்ணு?"

"அத்தைய பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல மறந்துட்டு வந்தீங்களே."

அது ஒரே ஒரு முறை.

ஜூலை 2, புதன்

தினமும் பத்து மணிக்கு நின்றபடியே ஒரு கூட்டம். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், எது தடுக்கிறது, இவ்வளவுதான் பேச வேண்டுமாம். உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்று இந்த ஏற்பாடு. கம்பியைப் பிடிக்காமல் வால்பாறை மலைப்பாதையில் நின்று வந்தவன் நான். இருபத்திரண்டு நிமிடம் பேசினேன். நாளை முதல் எனக்கு மட்டும் அலாரம் வைப்பதாக ஜெனிட்டா அறிவித்தாள்.

ஆனால் இன்றே ஒரு பிழையையும் பிடித்துவிட்டேன். நாற்பதாயிரம் பேருக்கு விருந்து கேட்டேன். செயலி மயங்கி விழுந்தது.

"நாப்பதாயிரம் பேரு எந்தக் கல்யாணத்துக்கு வருவாங்க அங்கிள்?" என்றான் ரபீக்.

"என் கல்யாணத்துக்கு வந்தாங்க."

மாலை மல்லிகாவிடம் உறுதி செய்துகொள்ளலாமென்று கேட்டேன். இருநூற்று நாற்பது பேராம். அதில் நாற்பது பேர் மண்டபம் மாறி வந்தவர்களாம். மனைவிகளுக்கு வரலாற்று உணர்வு கிடையாது.

ஜூலை 4, வெள்ளி

சுவரில் ஒரு டிவி. அதில் எந்நேரமும் ஒரே ஒரு எண் மட்டும் இருக்கும். கடந்த ஏழு நாளில் எத்தனை மாஸ்டர்கள் 'பந்தி'யைப் பயன்படுத்தினார்கள் என்பது. இன்றைய எண் 7.

ஆகஸ்ட் 8 அன்று மையத்தின் குழு உட்காருகிறது. அதற்குள் அந்த எண் நூற்றைத் தொடவில்லை என்றால் அறையைக் காலி செய்ய வேண்டும். அறை போனால் கம்பெனியும் போன மாதிரிதான். தாரணி இதை சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் மதியம் அவள் டிபன் பாக்ஸ் திறக்கப்படவேயில்லை. உள்ளே எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தன. எனக்கு எப்படித் தெரியும் என்பது இங்கே முக்கியமல்ல.

ஜூலை 7, திங்கள்

இன்று நான்கு முறை டிக் அடிக்க மறந்துவிட்டேன். வயது.

மாலை டிவியில் 13. தாரணி நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினாள். எல்லாருக்கும் முட்டை பப்ஸ் வாங்கி வந்தாள். ஐந்தாம் வகுப்பில் ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்தும், "மாமா, நான் விழுகவே இல்லையே!" என்று சிரித்தாளே, அதே சிரிப்பு.

ஜூலை 10, வியாழன்

வயதானால் மறதி ஒழுங்காக வருகிறது. காலை பதினொன்று முதல் பதினொன்றரை வரை, பிறகு மூன்று முதல் மூன்றரை வரை.

கிணத்துக்கடவு குப்புராஜ் மாஸ்டர் கோபக்காரர். ஒரு மெனுவை நான்கு முறை மாற்றுவார். சூலூர் ரங்கநாயகி பக்திமான். வெங்காயம் சேர்க்க மாட்டார். காரமடை இரட்டையர்கள் சண்டை போட்டுப் பிரிந்து தனித்தனியாகப் பதிவு செய்துவிட்டார்கள். இவர்களையெல்லாம் உருவாக்குவதற்கு பிரம்மனுக்கு ஒரு யுகமாவது ஆகியிருக்கும். நான் டீ குடித்துக்கொண்டே செய்தேன்.

எல்லார் மெனுவிலிருந்தும் பாகற்காயை எடுத்துவிட்டேன். பாகற்காய் மனித இனத்துக்கு எதிரான சதி. பால் பாயசம் மட்டும் ஆளுக்கு நான்கு டம்ளர். கற்பனை விருந்தில் எதற்குக் கஞ்சத்தனம்?

டிவியில் 41.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. முதல் நாள் வழக்கப்படி மல்லிகா தேங்காய் சுட்டாள். டிவியில் 78. தாரணி மதியம் முழு டிபன் பாக்ஸையும் காலி செய்தாள். எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

ஜூலை 18, வெள்ளி

இப்போது AI இல்லாமல் எதையும் வெளியே காட்ட முடியாதாம். பீளமேட்டில் ஒரு சலவைக்கடை போர்டிலேயே AI என்று எழுதியிருக்கிறார்கள். நம் பங்குக்கு ரபீக்கும் ஒன்று செய்துவிட்டான். மாஸ்டர்கள் இதுவரை போட்ட மெனுக்களையெல்லாம் படித்து, அடுத்த விருந்துக்கு எது எவ்வளவு வேண்டும் என்று அதுவே யோசனை சொல்லும்.

"நம்ம மாஸ்டருங்க செய்யறதப் பாத்து அதுவா கத்துக்கும் அங்கிள். நாம ஒண்ணும் சொல்லித்தர வேண்டாம்."

ஜெனிட்டா ஒரு வரைபடத்தைக் காட்டினாள். "ஒரு விஷயம் கவனிச்சேன். பத்துல ஒன்பது மாஸ்டர் பாகற்காய நீக்கிடறாங்க. இந்த ஏரியாவுல யாருக்கும் பிடிக்கல போல."

"மக்கள் தீர்ப்பு," என்றேன். பிறகு கொஞ்சம் இருமல் வந்தது.

ஜூலை 22, செவ்வாய்

முட்டி டாக்டர். விடுப்பு.

ஜூலை 23, புதன்

நேற்று நாள் முழுவதும் ஒரே ஒரு மாஸ்டர்தான் உள்ளே வந்தாராம். நெட் பிரச்சினையாக இருக்கும் என்றான் ரபீக். இருக்கும். தாரணி மட்டும் டிவியை ஒரு முறை பார்த்தாள், என்னை ஒரு முறை பார்த்தாள். "முட்டி எப்படி இருக்குதுங்க மாமா?" என்று கேட்டாள். அன்பான பெண்.

ஜூலை 28, திங்கள்

டிவியில் 112. நான் மைசூர்பாகோடு போனேன். யாரும் டப்பாவைத் திறக்கவில்லை.

தாரணியின் போன் ஸ்பீக்கரில் இருந்தது. மறுமுனையில் அன்னூர் பொன்னுத்தாயி மாஸ்டர். 'பந்தி'யின் முதல் வாடிக்கையாளர், சட்டிக்குள் நிற்காமலே சட்டியைக் கழுவுகிற அளவுக்கு நீளமான கை உள்ளவர் என்று கேள்வி. நேற்று அவர் ஊர் மாரியம்மன் கோயிலில் அன்னதானம், முந்நூறு பேர். புதிதாக வந்த AI சொன்ன பட்டியலை அப்படியே கடைக்கு அனுப்பியிருக்கிறார்.

"ஏங் கண்ணு, நூத்தம்பது லிட்டரு பாலு வந்து எறங்குது! முந்நூறு பேருக்கு ஆயிரத்தி எரநூறு டம்ளர் பாயசம்! ஊரே குடிச்சுப்போட்டுக் கோயில் மண்டபத்துல படுத்துக் கெடக்குது. பூசாரி எந்திரிக்கவே இல்ல. நேர்ச்ச வெச்சது பாகக்காப் பொரியலு, அதையக் காணோம்! அந்த மாரியாத்தாளுக்கு நான் என்ன பதிலு சொல்றது? இருபத்தாறு வருசத்துல ஒருத்தரும் என்னைய ஒரு வார்த்த சொன்னதில்ல கண்ணு."



தாரணி மன்னிப்புக் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். போனை வைத்ததும் கீழே போனாள். ஜன்னல் வழியே பார்த்தேன். வண்டி நிறுத்துமிடத்தில், ஸ்டார்ட் செய்யாத ஸ்கூட்டர் மேல் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாள்.

AI கற்றுக்கொண்டது நூற்றுச் சொச்சம் மாஸ்டர்களின் கைப்பக்குவத்தை அல்ல. என் ஒருவன் நாக்கை.

மைசூர்பாகை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

ஜூலை 31, வியாழன்

மல்லிகாவிடம் பொதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். எங்கள் கம்பெனியின் வளர்ச்சி, நூற்றுப்பன்னிரண்டு மாஸ்டர்கள், அத்தனை பேரும் கல்யாண வேலையில் மும்முரம் என்றேன். அவள் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஆடி மாசத்துல எவன் வீட்டுல கல்யாணம்?"

நானும் ஒரு மடலை எடுத்து ஆய ஆரம்பித்தேன். சரித்திரத்தில் இது பதிவாக வேண்டிய நிகழ்ச்சி.

"ஏனுங்க, அந்தப் புள்ள ஆபீசுல என்ன பண்ணிப்போட்டு வந்திருக்கறீங்க?"

சொன்னேன். வாழைப்பூவைக் கீழே வைத்தாள்.

"இருபத்தொம்பது வருசம் டிக்கெட் இல்லாதவன எறக்கி விட்டீங்க. இப்ப ஆளே இல்லாம டிக்கெட்டக் கிழிச்சுப்போட்டு, பஸ்ஸு நெறைஞ்சு போச்சுன்னு விசில் ஊதறீங்க. அவ அத நம்பி ஓட்டறா."

ஆகஸ்ட் 1, வெள்ளி

இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை 'ரெட்ரோ' என்று ஒரு கூட்டம். எது நன்றாக நடந்தது, எது தவறியது என்று மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். இதில் ஒரு சட்டம் உண்டு. 'என்ன நடந்தது' என்று கேட்கலாம், 'யார் செய்தது' என்று கேட்கக் கூடாது. பழி சொல்ல ஆரம்பித்தால் எல்லாரும் தவறுகளை மறைத்துவிடுவார்கள் என்று தாரணி முதல் வாரமே சொல்லியிருந்தாள். போக்குவரத்துக் கழகத்தில் இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் எனக்கு உத்தியோகமே இருந்திருக்காது.

ஜெனிட்டா ஒட்டிய சீட்டுகள்: 'நூற்றுமூன்று மாஸ்டர்கள் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் மட்டும் வருகிறார்கள்.' 'அத்தனை பேருக்கும் பாயசம் நான்கு டம்ளர்.' 'ஜூலை 22 அன்று அந்த நூற்றுமூன்றில் ஒருவரும் வரவில்லை.'

யாரும் என்னைப் பார்க்கவில்லை. மூன்று பேரும் அவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருந்தார்கள். சட்டப்படி யாரும் கேட்கவும் மாட்டார்கள். நான் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஒரு சீட்டு எடுத்து எழுதி ஒட்டினேன். 'அந்த நூற்றுமூன்று பேரும் நான்தான். நாச்சிமுத்து.' கையெழுத்துப் போட்டு, பழைய பழக்கத்தில் என் செக்கர் நம்பரையும் எழுதிவிட்டேன்.

மல்லிகா கேட்ட ஆடிக் கேள்வியையும் சொன்னேன். ரபீக் தலையில் கை வைத்தான். "ஆடியில கல்யாணமே இருக்காதா? எங்க வீட்டுல ஆடியெல்லாம் பாக்கறதில்ல அங்கிள்."

"எங்க வீட்டுலயும் பாக்க மாட்டோம்," என்றாள் ஜெனிட்டா.

"எங்க வீட்டுல பாப்பாங்க," என்றாள் தாரணி. "எனக்குத்தான் பாக்கணும்னு தோணல. நம்பர் ஏறுது, அது போதும்னு இருந்துட்டேன்."

பிறகு டிவி பக்கம் போனாள்.

"தாரணி, ஒரு வாரம் இப்படியே விட்டா குழு பாத்துட்டுப் போயிரும்," என்றான் ரபீக் மெதுவாக. "யாருக்கும் தெரியாது."

"பொன்னுத்தாயி அக்காவுக்குத் தெரியும்."

நூற்றுமூன்று பேரையும் நீக்கினாள். குப்புராஜ், ரங்கநாயகி, காரமடை இரட்டையர்கள் எல்லாரும் ஒரே தட்டில் போனார்கள். ரபீக் AI-யையும் அணைத்தான். டிவியில் 9.

"நீங்க திங்கக்கெழம வர வேண்டாமுங்க மாமா."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மழை இல்லை. வேறு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆபீசுக்குத்தானே வர வேண்டாம் என்றாள்? அந்த ஒன்பது நிஜ மாஸ்டர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. ஓய்வுபெற்றவனுக்குக் கொடுத்த இலவச பஸ் பாஸ் பையில் இருக்கிறது. மன்னிப்புக் கேட்கக் கிளம்பினேன். முதலில் அன்னூர்.

பொன்னுத்தாயி மாஸ்டர் வாசலில் பித்தளை அண்டாவை விளக்கிக்கொண்டிருந்தார். நான் யார், என்ன செய்தேன் என்று முழுதாகச் சொன்னேன். மிகைப்படுத்தாமல் சொன்னேன். மிகைப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

"ஏனுங்ணா, அந்தப் பாயசம் நீங்கதானா?" என்றார். "உள்ள வாங்க. சாப்பிட்டுப்போட்டுத்தான் போகோணும்."

இலையில் பாகற்காய்ப் பொரியல். பாகற்காய்க் குழம்பு. ஓரத்தில் பாகற்காய் வறுவல். அவர் எதிரிலேயே கரண்டியோடு நின்றார். சாப்பிட்டேன். இந்தத் தியாகத்துக்கு அன்னூரில் ஒரு மணிக்கூண்டு கட்டலாம்.

"இனிமே எங்க செயலிய நீங்க தொட மாட்டீங்க, இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"ஏன் தொடாம? அளவு எனக்குத் தெரியாதுங்ளா? கை சொல்லும். உங்க புள்ள ஆசைப்பட்டுச் சொல்லுச்சேன்னு ஒரு தடவ நம்பிப் பாத்தேன். நான் வெச்சிருக்கறது அதுக்கில்லீங்ணா."

"பின்ன எதுக்குங்க?"

அப்போதுதான் ஆவணிக் கல்யாணம் பேச ஒரு பெண் வீட்டார் வந்தார்கள். பொன்னுத்தாயி போனை நடுவில் வைத்தார். அவர் ஒவ்வொரு பண்டமாகச் சொல்ல, அவர்கள் சேர் என்றார்கள், எடு என்றார்கள். கடைசியில் 'பந்தி' முழுப் பட்டியலையும் சத்தமாகப் படித்தது. எல்லாரும் தலையாட்டினார்கள். அதே பட்டியல் அவர்கள் போனுக்கும் போனது.

"முன்னெல்லாம் பந்தி போட்டப்பறம், வடை சொன்னமே, அப்பளம் சொன்னமேன்னு மல்லுக்கட்டுவாங்க. இப்பப் பேச்சே இல்ல. எல்லாரும் காதுல கேட்டுட்டாங்கல்ல?"

ரபீக் அந்த வாசிக்கிற வசதியைச் செய்தது, மாவுக் கையால் போனைத் தொட வேண்டாமே என்றுதான். இப்படி ஒரு பயன் இருப்பது மூன்றாம் மாடியில் ஒருவருக்கும் தெரியாது.

பொன்னுத்தாயியைக் கேட்டு, அவர் சொன்னதை அவர் குரலிலேயே பதிவு செய்துகொண்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மூன்று நாளில் ஒன்பது மாஸ்டர், பதினேழு பஸ். கொலம்பஸ்கூட இவ்வளவு மாறி ஏறியிருக்க மாட்டார். ஒன்பதில் ஏழு பேர் அதே வேலைக்குத்தான் வைத்திருக்கிறார்கள். ஏழு குரல்களையும் ஆபீஸ் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். ரபீக் ஒரு கைதட்டல் போட்டான். தாரணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று நீலக்குறி காட்டியது. 

இரவு ஒன்பது மணிக்கு அவளிடமிருந்து ஒரு வரி வந்தது. 'வெள்ளிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில வாங்க மாமா.'

ஆகஸ்ட் 8, வெள்ளி

குழுத் தலைவி வாசுகி மேடம். அவர் கண்ணாடியைக் கழற்றினால் மின்விசிறியே மெதுவாகச் சுற்றும்.

"ஒன்பதா?" என்றார். "போன வாரம் நூத்திப்பன்னெண்டுன்னு அனுப்பியிருந்தீங்களே?"

"அது தப்பு மேடம். சோதனைக் கணக்கு கலந்துருச்சு. எங்க தப்பு."

'எங்க' என்றாள். பின்வரிசையில் இருந்த எனக்குக் கண்ணில் தூசி விழுந்தது. அந்த அறையில் தூசி அதிகம். குழுவிடம் சொல்ல வேண்டும்.

தாரணி மற்ற எதையும் காட்டவில்லை. அந்த ஏழு குரல்களை ஒலிக்கவிட்டாள். இனி அளவு சொல்கிற வேலையை விட்டுவிட்டு, மாஸ்டரும் வீட்டாரும் கேட்டு ஒப்புக்கொள்கிற பட்டியலாக 'பந்தி'யை மாற்றப்போவதாகச் சொன்னாள். "AI?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். "இப்போதைக்கு வேண்டாங்க சார். அதுக்கு நல்லவங்க யாராவது சாப்பாடு போட்டுக் கத்துக்குடுக்கணும்," என்றாள்.

வாசுகி மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆடி மாசத்துல நூத்திப்பன்னெண்டு கல்யாணம்னு பாத்த அன்னிக்கே நான் சிரிச்சேன்மா. அதே நம்பரோட இன்னிக்கு வந்திருந்தா சாவிய வாங்கியிருப்பேன். பொங்கல் வரைக்கும் இருங்க."

ஆகஸ்ட் 11, திங்கள்

வேலைக்கு வரச் சொல்லிவிட்டாள். என் மேசையில் 'டிக்' என்று கொட்டை எழுத்தில் ஒரு மஞ்சள் சீட்டு. ரபீக் ஒரு காவலும் செய்துவிட்டான்: புதிதாக வருகிற யாராவது பாகற்காயை நீக்கி, பாயசத்தைக் கூட்டினால், செயலி அவரைக் கணக்கில் சேர்க்காமல் தனியாக நிறுத்திவைக்கும். அதற்கு 'நாச்சிமுத்து கேட்' என்று பெயர். என் பெயரில் ஒரு தொழில்நுட்பம். மல்லிகாவிடம் சொன்னேன். பெருமைப்படாமல் சிரித்தாள்.

ஆகஸ்ட் 20, புதன்

ஆவணி பிறந்து நான்கு நாள். காலையில் 'நாச்சிமுத்து கேட்'டில் ஒருவர் மாட்டினார். உடுமலைப்பேட்டை வெங்கிடுபதி மாஸ்டர். பாகற்காய் நீக்கம். பாயசம் ஆளுக்கு இரண்டு. நேரம், பதினொன்று பத்து.

மூன்று தலைகள் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பின.

"மாமா..."

"சத்தியமா நான் இல்ல கண்ணு!"

"அங்கிள், டீ குடிச்சுட்டு இருந்தீங்களா?" என்றாள் ஜெனிட்டா.

வாழ்க்கையில் முதல் முறையாக நான் உண்மை சொல்கிறேன், ஒருவரும் நம்பவில்லை. பஸ் பாஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

வெங்கிடுபதி மாஸ்டர் இருக்கிறார். நிறையவே இருக்கிறார், வாசல் நிலையில் அவர் நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் போகாது. பாகற்காயைப் பற்றி அவர் சொன்ன கருத்துகளை இங்கே எழுத முடியாது. எழுபது வருடம் முன்பே பிரிந்துபோன சகோதரனைப் போல அவரைக் கட்டிக்கொண்டேன், எனக்கு அறுபத்தொன்றுதான் ஆகிறது என்றாலும்.

ஆபீசுக்கு வீடியோ கால் போட்டு அவரைக் காட்டினேன்.

"யாரையாச்சும் புடிச்சு நடிக்க வெச்சிருப்பீங்க," என்றாள் தாரணி. வாயோரம் சிரிப்பு. "அவருகிட்ட நம்ம பட்டியல் இருக்கான்னு கேளுங்க."

மாஸ்டர் தன் போனைத் தூக்கிக் காட்டினார். அது சத்தமாகப் படிக்க ஆரம்பித்தது. சாதம், சாம்பார், ரசம், பீன்ஸ் பொரியல், பால் பாயசம் ஆளுக்கு இரண்டு. கல்யாணப் பெண்ணின் அப்பா பின்னால் நின்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

சின்னத் திரையில், ரபீக் 'நாச்சிமுத்து கேட்'டைத் திறந்துவிட, தாரணியின் தோளுக்குப் பின்னால் இருந்த சுவர் டிவியில் 9 மறைந்து 10 வந்தது.

பீளமேட்டு மூன்றாம் மாடியில் மூன்று பேர் கைதட்டிய சத்தம் உடுமலைப்பேட்டை வரை கேட்டது. போன் இல்லாமலே கேட்டிருக்கும்.